கால் லிட்டர் ரத்தம்

மூன்று கிலோ எடையோடு பிறந்த ஒரு சிசுவின் உடலில் ஓடும் ரத்தம் முழுவதையும் ஓரிடத்தில் சேர்த்து அளக்கக் கூடுமானால், அது கால் லிட்டருக்கு மேல் அதிகம் இராது. உடல் எடையில் கிலோவுக்கு 80 முதல் 85 மில்லிலிட்டர் என்பது வைத்தியர்கள் வைத்திருக்கும் கணக்கு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த விகிதம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், எடையே குறைவாதலால் மொத்த அளவு இன்னும் சிறியது. நம் வீட்டில் பால் ஊற்றிக் குடிக்கும் பெரிய டம்ளர் ஒன்றில் அடங்கிவிடக்கூடிய இந்தச் சொற்ப ரத்தத்தைக் கொண்டுதான் அந்தச் சின்னஞ்சிறு தேகம் மூளைக்கும் இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பிராணவாயுவை அனுப்பியாக வேண்டும். ஐந்து லிட்டர் ரத்தம் உடைய வளர்ந்த மனிதர் ஒருவர், காய் நறுக்கும்போது கையை வெட்டிக்கொண்டு பத்து மில்லிலிட்டர் ரத்தத்தை இழந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வார். அதே பத்து மில்லிலிட்டர் சிசுவின் உடலிலிருந்து போய்விடுமானால், அது பெரியவர் ஒருவர் இருநூறு மில்லிலிட்டரை இழந்ததற்குச் சமமாகும்.

இப்படிப்பட்ட ஒரு குழந்தையின் நுரையீரலோ இருதயமோ தன் தொழிலைச் செய்ய இயலாமற் போகும்போது, அதன் ரத்தத்தை உடலுக்கு வெளியே கொண்டுவந்து, பிராணவாயுவை ஊட்டி, மறுபடியும் உள்ளே செலுத்தும் யந்திரம் ஒன்று நம் காலத்தில் இருக்கிறது. எக்மோ என்னும் அதன் பெயரை, 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதாவின் இறுதி நாட்களிலும், 2020-ஆம் ஆண்டு பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் நோயுற்றுக் கிடந்த காலத்திலும் தமிழ்நாட்டு மக்கள் நாள்தோறும் பத்திரிகைகளில் படித்தார்கள். அதனால் எக்மோ என்றாலே அந்திம காலத்துச் சாதனம் என்ற எண்ணம் பலர் மனத்தில் பதிந்துவிட்டது. உண்மையில் இந்த யந்திரம் தன் பயனை ஐயத்துக்கு இடமின்றி முதலில் நிரூபித்துக் காட்டியது பிறந்த சிசுக்களிடத்தில்தான். அந்தச் சிசுக்களிடத்திலேயே அது மிகக் கடுமையான ஒரு விலையையும் கேட்கிறது. அந்த விலை ரத்தம்.

சிசுவுக்கு ரத்தம் ஏற்றும் முயற்சி இந்த யந்திரத்துக்கு வெகு காலம் முற்பட்டது. 1908-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நியூயார்க் நகரத்துச் சர்ஜன் ஒருவரின் வீட்டில் பிறந்த பெண் குழந்தை, பிறந்த சில தினங்களுக்குள்ளாகவே நிற்காத ரத்தப் போக்கினால் வெளுத்து மரணத்தறுவாயை அடைந்தது. அப்போது ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த அலெக்ஸிஸ் காரல் என்ற பிரெஞ்சு நிபுணர், தகப்பனாரின் மணிக்கட்டிலுள்ள தமனியைக் குழந்தையின் முழங்காலுக்குப் பின்புறமுள்ள சிரையோடு நேரடியாகத் தைத்து இணைத்தார். ஏறும் ரத்தத்தை அளக்க ஒரு கருவியும் இல்லாத அக்காலத்தில், வெளுத்த தோலில் செந்நிறம் பரவியதே போதுமான அளவுக்கு அடையாளமாயிற்று. குழந்தை பிழைத்தது. நுண்ணிய ரத்தக்குழாய்களைத் தைத்து இணைக்கும் வித்தைக்காகக் காரல் 1912-இல் நோபல் பரிசு பெற்றார். அந்நாளில் பல சிசுக்களை மாய்த்த அத்தகைய ரத்தப் போக்குக்கு வைட்டமின் கே குறைவே காரணம் என்பது பின்னர்த் தெரியவந்தது. அதைக் கண்டறிந்த ஹென்ரிக் டாம், அதன் ரசாயன அமைப்பைத் தெளிவாக்கிய எட்வர்ட் டாய்ஸி ஆகிய இருவரும் 1943-க்குரிய நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இன்று ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் தொடையில் போடப்படும் ஒரு சிறு ஊசி அந்த அபாயத்தை ஏறக்குறைய இல்லாமற் செய்துவிடுகிறது.

காரல் செய்தது கையால் செய்த அற்புதம்; எல்லா ஊரிலும் எல்லா வேளையிலும் அதைச் செய்வது சாத்தியமன்று. 1901-இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் ரத்தப் பிரிவுகளைக் கண்டறிந்ததும், 1914, 1915-ஆம் ஆண்டுகளில் சிட்ரேட் உப்பைக் கலந்தால் ரத்தம் உறையாமல் இருக்கும் என்று வெவ்வேறு தேசத்து வைத்தியர்கள் நிலைநாட்டியதும் சேர்ந்தே, ஒருவரிடம் பெற்ற ரத்தத்தைப் பாதுகாத்து வைத்து வேறொருவருக்கு ஏற்றும் ரத்த வங்கிக்கு வழி திறந்தன. அதன் பிறகு எழுந்த கேள்வி ரத்தத்தைப் பற்றியதன்று. ரத்தத்துக்குப் பிராணவாயுவை ஊட்டும் நுரையீரலே தோற்றுவிட்டால் என்ன செய்வது என்பதே அக்கேள்வி.

1953-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி, பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் என்ற சர்ஜன், பதினெட்டு வயதுப் பெண் ஒருவரின் இருதயத்திலிருந்த துளையை அடைக்கும்போது, அவருடைய இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் இருபத்தாறு நிமிஷம் ஒரு யந்திரத்தைக் கொண்டு முழுமையாகச் செய்வித்தார். ஆனால் அக்காலத்து யந்திரங்களில் ரத்தமும் பிராணவாயுவும் நேருக்கு நேர் கலந்தமையால், சில மணி நேரத்துக்குள் ரத்த அணுக்கள் சிதைந்து போயின. இரண்டுக்கும் நடுவே வாயு மட்டும் ஊடுருவத்தக்க மெல்லிய சவ்வு ஒன்றை வைக்கும் உபாயம் கைகூடிய பிறகே, மணிக்கணக்கு நாட்கணக்காக நீண்டது. ராபர்ட் பார்ட்லெட் என்ற அமெரிக்க சர்ஜன் 1975-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில், மூச்சுத் திணறலால் இறக்கும் நிலையிலிருந்த ஒரு பெண் சிசுவை இவ்வகை யந்திரத்தில் இணைத்துப் பிழைக்க வைத்தார். உலகெங்குமுள்ள எக்மோ நிலையங்கள் தத்தம் அனுபவத்தை ஒரே பதிவேட்டில் சேர்த்துவைப்பதற்காக 1989-இல் ஒரு சர்வதேச சங்கமும் உண்டாயிற்று.

எந்தச் சிசுவுக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது? கிராமத்துப் பெண்கள் காட்டுப்பீ என்று சொல்லும் முதல் மலத்தைக் கருப்பையிலேயே கழித்து, அது கலந்த நீரைச் சுவாசத்தோடு உள்ளே இழுத்துக்கொண்ட குழந்தைக்கும், உதரவிதானத்தில் துளை இருந்து குடல் மார்புக்குள் ஏறி நுரையீரலை வளரவொட்டாமல் நெருக்கிவிட்ட குழந்தைக்கும், பிறந்த பின்னும் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் விரியாமல் இறுகியே கிடக்கும் குழந்தைக்கும், கடுமையான இருதயக் கோளாறு உடைய குழந்தைக்கும், வென்டிலேட்டரும் மருந்துகளும் பயனற்றுப் போன பிறகு, இது கடைசி உபாயமாகிறது. கழுத்தின் வலப்புறத்துச் சிரையில் செருகிய குழாய் வழியாக வெளிவரும் கருஞ்சிவப்பு ரத்தம், பம்பினால் தள்ளப்பட்டுச் செயற்கை நுரையீரலுக்குள் சென்று, கரியமில வாயுவை விட்டுப் பிராணவாயுவைப் பெற்று, உடல் வெப்பத்துக்குச் சூடேற்றப்பட்டு, கழுத்துத் தமனி வழியாகவோ அதே சிரை வழியாகவோ மீண்டும் உடலை அடைகிறது. சிசுவின் மொத்த ரத்தத்துக்கு ஈடான அளவு ஏறக்குறைய ஒரு நிமிஷத்துக்குள் இந்தச் சுற்றை முடித்துவிடுகிறது. இவ்வாறு பல நாட்கள், சில சமயம் பல வாரங்கள், நுரையீரலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு அது குணமாவதற்காகக் காத்திருப்பதே இச்சிகிச்சையின் சாரம்.

யந்திரத்தின் ரத்தத் தேவை, குழந்தையை அதில் இணைப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. குழாய்களும் பம்பும் செயற்கை நுரையீரலும் காற்று சிறிதும் இல்லாமல் நிரம்பியிருக்க வேண்டும். அவற்றை நிரப்பப் பழைய அமைப்புகளில் 400 மில்லிலிட்டருக்கு மேலும், இக்காலத்துச் சிறிய அமைப்புகளில் 200 முதல் 300 மில்லிலிட்டர் வரையிலும் திரவம் வேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்கு உப்பு நீரைக் கொண்டே நிரப்பிவிடுகிறார்கள்; ஐந்து லிட்டரோடு அரை லிட்டர் நீர் கலப்பதால் பெரிய மாறுதல் ஒன்றும் நேர்ந்துவிடாது. சிசுவுக்கு அப்படிச் செய்தால், அதன் 250 மில்லிலிட்டர் ரத்தம் 300 மில்லிலிட்டர் உப்பு நீரோடு கலந்து, 16 கிராமாக இருந்த ஹீமோகுளோபின் ஒரே நிமிஷத்தில் ஏழு கிராமை ஒட்டி இறங்கிவிடும். உறைவுச் சக்தியும் பாதிக்கு மேல் போய்விடும். ஆகையால் வேறு மனிதர் தானம் செய்த சிவப்பணுக்களையும் பிளாஸ்மாவையும் கலந்தே யந்திரத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. சிகிச்சை தொடங்கிய முதல் நிமிஷத்திலேயே சிசுவின் உடலில் ஓடுவதில் ஏறத்தாழ பாதி, அது ஒருபோதும் காணப்போகாத அந்நியர் ஒருவரின் ரத்தம்!

அந்த ரத்தத்தையும் வங்கியிலிருந்து எடுத்தபடியே ஊற்றிவிட முடியாது. உறையாமலிருப்பதற்காகச் சேர்த்த சிட்ரேட், ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பற்றிக்கொள்வதால், கால்சியத்தைத் தனியே சேர்க்க வேண்டும். பை பழையதாக ஆக, சிவப்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். பெரியவரின் உடலில் கரைந்து தெரியாமற் போகும் அந்தப் பொட்டாசியம், சிசுவின் இருதயத்தை நிறுத்திவிடவும் கூடும். எனவே கூடுமானவரை சில தினங்களுக்குள் எடுத்த ரத்தத்தையே தேடுகிறார்கள். கிடையாதபோது சிவப்பணுக்களைக் கழுவி எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.

இணைத்த பிறகு வருவது இதைவிடக் கடினமான சங்கடம். பிளாஸ்டிக் குழாயைத் தொட்டவுடனே உறைய முற்படுவது ரத்தத்தின் சுபாவம். ஆகவே உறைதலைத் தடுக்கும் ஹெபாரின் என்ற மருந்தை இடைவிடாது செலுத்த வேண்டியிருக்கிறது. 1916-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் ஜே மெக்லீன் என்ற மாணவரின் ஆராய்ச்சியிலிருந்து வெளிப்பட்ட இம்மருந்து, ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தின் துணையோடுதான் வேலை செய்கிறது. சிசுவின் ரத்தத்திலோ அந்தப் புரதம் பெரியவர்களுக்கு இருப்பதில் பாதியளவே இருப்பதால், எவ்வளவு ஹெபாரின் போதும் என்று நிர்ணயிப்பது எளிதாயில்லை. மருந்து குறைந்தால் செயற்கை நுரையீரலில் ரத்தம் கட்டி, அமைப்பையே மாற்றிப் புது ரத்தத்தால் மறுபடி நிரப்ப நேரிடும். மருந்து மிகுந்தால் குழாய் செருகிய இடத்திலும், மார்பிலும், எல்லாவற்றையும்விடக் கொடிதாக மூளையிலும் ரத்தம் கசியும். முப்பத்துநான்கு வாரம் நிறையாத சிசுக்களின் மூளையிலுள்ள ரத்தக்குழாய்கள் மிகவும் பலவீனமானவை. அதனாலேயே முப்பத்துநான்கு வாரத்துக்கும் இரண்டு கிலோவுக்கும் குறைந்த குழந்தைகளைப் பொதுவாக எக்மோவில் இணைப்பதில்லை. இணைத்த குழந்தைகளுக்கு உச்சிக்குழியின் வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து மூளையை அடிக்கடி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரத்தம் வெளியே சிந்தாமலே குறைவதும் உண்டு. காயத்தை அடைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குழாயின் சுவரிலும் சவ்விலும் ஒட்டிக்கொண்டு முதல் சில மணி நேரத்திலேயே வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. ஆதலால் அநேகமாகத் தினந்தோறும் பிளேட்லெட் ஏற்ற வேண்டியிருக்கிறது. பம்பின் உறிஞ்சும் வேகம் அளவு கடந்தால் சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளிருந்த ஹீமோகுளோபின் பிளாஸ்மாவில் சிதறிச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. இவை யந்திரத்தின் குற்றம் என்று சொல்லலாம். மனிதர் கையால் ஆகும் நஷ்டமும் சிறிதன்று. பிராணவாயு எவ்வளவு, ஹெபாரின் எவ்வளவு வேலை செய்கிறது, உப்புகளின் நிலை என்ன, கிருமி இருக்கிறதா என்று அறிவதற்காக, இரவும் பகலும் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை எடுப்பதும் அரை மில்லிலிட்டரோ ஒன்றோதான். ஆனால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மில்லிலிட்டர் எடுப்பதாக வைத்துக்கொண்டாலும், அது பெரியவர் ஒருவரிடம் தினமும் 240 மில்லிலிட்டர் எடுப்பதற்கு ஒப்பாகும். ஒரு வாரம் இப்படி நடந்தால் சிசுவின் மொத்த ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு பரிசோதனைச் சாலைக்கே போய்விடுகிறது. சிசுவைக் காப்பதற்காகச் செய்யும் பரிசோதனையே அதற்கு ரத்தம் ஏற்றவேண்டிய அவசியத்தை உண்டாக்குகிறது என்பது இத்துறையின் பெரிய முரண்பாடு.

ஏற்றும் ரத்தத்தைத் தேர்வதிலும் சிசுவுக்குத் தனி விதி உண்டு. பிறந்து சில மாதங்கள் வரையில் சிசுவின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருள்கள் பெரும்பாலும் தாயிடமிருந்து வந்தவை. ஆகையால் குழந்தையின் பிரிவுக்கு மட்டுமன்றித் தாயின் ரத்தத்துக்கும் பொருந்துகிற சிவப்பணுக்களையே கொடுக்க வேண்டும். வெள்ளணுக்களை வடிகட்டி நீக்கினால், பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் சிசுக்களை வருத்தக்கூடிய சில வைரஸ்களின் பயம் குறைகிறது. நெருங்கிய உறவினரின் ரத்தமே உத்தமம் என்று நம்மில் பலர் நம்புகிறார்கள். ஆனால் உறவினரின் வெள்ளணுக்கள் சிசுவின் உடலில் அந்நியம் என்று அடையாளம் காணப்படாமல் தங்கிப் பெருகி, அந்த உடலையே தாக்கும் அபூர்வமான ஓர் ஆபத்து உண்டாதலால், அத்தகைய ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் ஏற்றலாகாது. காரலின் காலத்தில் தகப்பனாரின் ரத்தம் நேரே மகளின் உடலில் பாய்ந்ததைப் புகழும்போதே, இன்றைய வைத்தியர் அதே காரியத்தை ஏன் தயங்கிச் செய்கிறார் என்பதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

இத்தனை தேவை இருக்கும்போது தாராளமாக ஏற்றிவிடுவதே நல்லது என்று நினைக்கத் தோன்றும். நெடுங்காலம் வைத்தியர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். எக்மோவில் இருக்கும் சிசுவுக்குப் பிளேட்லெட் எண்ணிக்கை ஒரு லட்சத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது பல நிலையங்களின் வழக்கம். அந்த எண்ணத்தை அசைக்கும் செய்தி குறைமாதச் சிசுக்களிடமிருந்து வந்தது. 2019-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆராய்ச்சியில், 660 குறைமாதக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பிளேட்லெட் 50,000-க்குக் குறைந்தவுடனும், மற்றப் பிரிவினருக்கு 25,000-க்குக் குறைந்த பிறகே என்றும் ஏற்றினார்கள். அதிகமாகப் பெற்றவர்களில் நூற்றுக்கு 26 பேரும், குறைவாகப் பெற்றவர்களில் நூற்றுக்கு 19 பேரும் மரணத்தையோ பெரிய ரத்தக் கசிவையோ அடைந்தனர். ரத்தக் கசிவைத் தடுப்பதற்காகக் கொடுத்ததே தீங்கு செய்தது! 2020-இல் அமெரிக்காவில் ஒரு கிலோவுக்கு மிகாத எடையுள்ள 1,824 சிசுக்களைக் கொண்டு நடந்த மற்றோர் ஆராய்ச்சியில், ஹீமோகுளோபினை உயர்வாக வைத்திருந்தவர்களுக்கும் சற்றுத் தாழவிட்டவர்களுக்கும் இடையே, உயிர் பிழைப்பதிலோ இரண்டு வயதளவில் மூளை வளர்ச்சியிலோ வித்தியாசம் காணப்படவில்லை. இந்தக் குழந்தைகள் எக்மோவில் இருந்தவர்கள் அல்லர். ஹெபாரின் ஓடும் உடலுக்கு இம்முடிவுகளை அப்படியே பொருத்திவிடுவது விவேகமாகாது. ஆயினும், ஏற்றும் ஒவ்வொரு பையும் ஒரு மருந்து என்பதையும், எந்த மருந்தையும் போல் அதற்கும் அளவு உண்டு என்பதையும் இவை உணர்த்தின.

இதனால் இன்று நல்ல நிலையங்களில் சிக்கனமே சாஸ்திரமாகிக்கொண்டிருக்கிறது. அமைப்பின் குழாய்களைக் குறுக்கி, நிரப்ப வேண்டிய அளவைக் குறைக்கிறார்கள். சில துளிகளைக் கொண்டே படுக்கையருகில் பரிசோதிக்கும் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். குழாயைச் சுத்தம் செய்ய முதலில் உறிஞ்சிய ரத்தத்தைக் கொட்டிவிடாமல் திரும்பச் செலுத்துகிறார்கள். வழக்கத்துக்காக எடுக்கும் பரிசோதனைகளை விட்டு, முடிவை மாற்றக்கூடியவற்றை மட்டும் எடுக்கிறார்கள். ஒருவர் தந்த ஒரு பை ரத்தத்தைச் சிறு சிறு பைகளாகப் பிரித்து ஒரே சிசுவுக்கென்று ஒதுக்கிவைப்பதால், பல பேரின் ரத்தத்துக்கு அந்தச் சிசு ஆளாவது குறைகிறது. எக்மோ வரை போகாத சாதாரணப் பிரசவத்திலும் இந்தச் சிக்கனத்துக்கு இடமுண்டு. நஞ்சுக்கொடியில் தங்கியிருக்கும் ரத்தம் குழந்தைக்கே உரியதாதலால், ஒரு நிமிஷமாவது பொறுத்துப் பிறகே கொப்பூழ்க்கொடியைக் கவ்வி அறுக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது.

இவ்வளவு செலவும் அபாயமும் உள்ள சிகிச்சை தகுமா என்ற கேள்விக்கு, பிரிட்டனில் நடந்து 1996-இல் வெளியான ஆராய்ச்சி தெளிவான பதிலைத் தந்தது. மிகக் கடுமையான சுவாசக் கோளாறுடைய 185 சிசுக்களில், எக்மோ நிலையத்துக்கு அனுப்ப நிச்சயிக்கப்பட்ட 93 பேரில் 30 பேர் இறந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்ற 92 பேரில் 54 பேர் இறந்தனர். நன்மை வெளிப்படையாகத் தெரிந்தமையால் அந்த ஆராய்ச்சியை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். சுவாசக் கோளாற்றுக்காக எக்மோவில் சேர்ந்த சிசுக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பிழைத்து வீடு திரும்புகிறார்கள் என்பது சர்வதேசப் பதிவேட்டின் கணக்கு. யந்திரம் தன் விலைக்குத் தகுந்ததே என்று ஐயமின்றிச் சொல்லலாம். அந்த விலையைக் குறைப்பது வைத்தியரின் கடமை, குறைத்த பின்னும் எஞ்சுவதைக் கொடுப்பது நம்முடைய கடமை.

ஏனெனில், குழாயையும் பம்பையும் சவ்வையும் தொழிற்சாலையில் செய்கிறார்கள். அவற்றை நிரப்பும் ரத்தத்தைச் செய்யும் தொழிற்சாலை எங்கும் இல்லை. பிளேட்லெட்டைப் பொதுவாக ஐந்து நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை. சிசுவுக்கு உகந்த புதிய சிவப்பணுக்களும் சில நாட்களுக்குள் பழையனவாகிவிடும். ஆபத்து நேர்ந்த பிறகு தானம் செய்பவரைத் தேடி ஓடுவதால் இந்தத் தேவை நிறைவேறாது. முன்பின் அறியாத ஒருவர் சில நாட்களுக்கு முன்பே கொடுத்துவைத்திருந்தால்தான் நிறைவேறும். நம் நாட்டில் பதினெட்டு முதல் அறுபத்தைந்து வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் 12.5 கிராமுக்குக் குறையாத ஹீமோகுளோபினும் உள்ள ஆரோக்கியமான எவரும் ரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். ஒரு முறை கொடுப்பது 350 மில்லிலிட்டரோ அதற்குச் சற்று மேலோ ஆகும். ஒரு சிசுவின் உடல் முழுவதிலும் உள்ளதைவிட அது அதிகம். உங்கள் ஊர் ரத்த வங்கிக்கு, ஒருவரும் கூப்பிடாத ஒரு சாதாரண நாளில், தயவுசெய்து போய் வாருங்கள்.